கிரிதான்போ நாபே வீட்டில் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ஒசாகாவில் குளிர் ஏறிவிட்டது, வார இறுதியில் நண்பர்களுக்கு அகிதா மாநிலத்துக் கிரிதான்போ நாபே (சுட்ட சோற்றுத் துண்டுகள் போட்ட கோழிக் குழம்பு) செய்து போட வேண்டும் என்று ரொம்ப ஆசை. உதவி தேவை.

அடிப்படை தெரியும்: சுடச்சுட வடித்த சோற்றை மணி பாதி தெரியும்படி இடித்து, தேவதாரு குச்சியில் சுற்றித் தணலில் சுட்டு, குச்சியை உருவித் துண்டு போட்டு, ஹினாய் என்னும் அகிதா நாட்டுக்கோழியின் எலும்புச் சாற்றில் சோயா சாஸ், சாக்கே (அரிசி மது) சேர்த்து, கோபோ கிழங்கு, மைத்தாக்கே காளான், வெங்காயத் தண்டு எல்லாம் வெந்தபின் கடைசியில் வேரோடு செரிக் கீரையைப் போட்டு இறக்குவது. அந்த வேரின் வாசனைதான் என்னைப் பொறுத்தவரை இதன் உயிர், அதை வெட்டி எறியவே கூடாது.

என் சந்தேகம் சோற்றில்தான். எவ்வளவு இடித்தால் குழம்பில் கரையாமல் நிற்கும்? கையில் உப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டால் போதுமா? வீட்டில் தணல் கிடையாது, அடுப்புக்குக் கீழே இருக்கும் மீன் சுடும் கிரில் மட்டும்தான், அதில் வெளிப்பக்கம் நன்றாக முறுகுமா? இல்லையென்றால் குச்சியே வேண்டாம் என்று உருண்டை பிடித்து, தமாகோ என்று சொல்கிறார்களே, அந்த மாதிரிப் போட்டுவிடலாமா?

அப்புறம், வருபவர்களில் ஒருவர் இறைச்சி, மீன் எதுவும் தொடமாட்டார். அவருக்குத் தனிச் சட்டியில் கொம்பு கடற்பாசியும் காய்ந்த ஷீத்தாக்கே காளானும் போட்டுச் சாறு எடுக்கலாம் என்று நினைக்கிறேன், கோழிக் கொழுப்பு இல்லாத குறையை எதை வைத்து ஈடுகட்டுவது?

அகிதாவில் ஓதாத்தே, கஸுனோ பக்கம் இருந்தவர்கள் அங்கே வீடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னால் இன்னும் நல்லது.