வாசமே தெரியாதவர்கள் உங்கள் வீட்டில் உண்டா?

மஸ்கெலியாக்காரி:
தம்பிக்குப் பதினேழு முடிந்தும் மீசை அரும்பவில்லை, குரலும் உடையவில்லை. "உங்க மாமாவும் பிந்தித்தான் வளர்ந்தாரு" என்று அம்மா பேசாமல் இருந்தார். கண்டியில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் உயரம் அளந்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், அப்புறம் சம்பந்தமே இல்லாமல் "கருவாடு பொரிக்கிற வாசம் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். "எனக்கு ஒரு வாசமும் தெரியாது சேர், சின்ன வயசிலயிருந்தே" என்றான். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோறு அடிப்பிடித்தாலும் அசையாமல் இருக்கிறானே என்று எத்தனை திட்டு வாங்கியிருக்கிறான்! ஸ்கேனில், மூளையின் அடியில் வாசத்தை வாங்க இருக்க வேண்டிய மணக் குமிழ்கள் இரண்டும் இல்லை. கால்மன் நோய்க்குறியாம். மூக்குக்கும் மீசைக்கும் என்னங்க தொடர்பு?

ஸ்டோர்க்காரன்:
கொரோனா நேரம் எனக்கும் மூக்கு போனது. எங்கள் தேயிலை ஸ்டோரில், ரோலரிலிருந்து இறக்கிய கொழுந்தில் பச்சை வாசம் எப்போது அடங்குகிறது என்று மூக்கை வைத்துத்தான் பார்ப்போம். அன்றைக்கு ஒரு பிடி அள்ளி முகத்தோடு வைத்தால் இளஞ்சூடு மட்டும்தான் தெரிந்தது. நிறத்தைப் பார்த்துச் சமாளித்தேன். சில வாரத்தில் திரும்பியது. முதலில் வந்தது டீசல் வாசம். தம்பிக்கும் வந்துவிடும் தங்கச்சி.

உயிரியல் டீச்சர், ஹட்டன்:
அண்ணன், உங்கள் கதை வேறு. மணத்தை அறியும் நரம்புக் கலங்கள் மூக்கின் மேற்பகுதியில் இருக்கின்றன, ஆயுள் முழுக்கப் புதிதாகவும் பிறக்கின்றன. கொரோனா வைரஸ் பெரும்பாலும் பிடித்தது அவற்றை அல்ல, பக்கத்தில் தாங்கி நிற்கும் கலங்களை. தம்பிக்கோ முளையத்திலேயே, அதாவது வயிற்றில் உருவாகத் தொடங்கிய கருவிலேயே, பாதை அமையவில்லை.

இந்த நரம்புகள் மூளையில் பிறந்து மூக்குக்கு இறங்கி வருபவை அல்ல. முளையத்தின் முகத்தில் இரு பக்கமும் வெளிப்புறக் கல அடுக்கு தடித்து ஒரு தட்டாகி, பிறகு உள்ளே குழியும். நரம்புகள் அங்கேயே பிறந்து மூளையை நோக்கி இழை விடும். அடை வைத்து மூன்று நாளான கோழி முட்டையில் ஓட்டை வெட்டி லென்ஸ் வைத்தால், அந்தப் பெரிய கண்ணுக்கு முன்னால் குழி தெரியும். பிள்ளைகள் இதயம் துடிப்பதைத்தான் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். குழியை நான் ஊசி முனையால் காட்ட வேண்டும்.

மீசை விசயத்துக்கு வருகிறேன். பூப்பெய்த வைக்கும் ஓமோன்களை முடுக்கிவிடும் கலங்களும் மூக்குப் பக்கம்தான் முதலில் தோன்றுகின்றன. ஆறாம் வாரம் வாக்கில் புறப்பட்டு, மண நரம்பின் இழைகளைக் கைப்பிடிக் கம்பி போலப் பற்றிக்கொண்டு மூளைக்குள் ஏறி, மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலமஸில் குடியேறும். 1989இல் சுண்டெலி முளையத்தில் இதைக் கண்டார்கள். அதே ஆண்டில் கால்மன் நோய்க்குறி கொண்ட மனிதக் கரு ஒன்றையும் ஆராய்ந்தார்கள். அதில் அந்தக் கலங்கள் மூக்கிலும் மூளை உறைகளிலும் தேங்கி நின்றன; மூளைக்குள் ஒன்றுகூட இல்லை.

எது எங்கிருந்து வந்தது என்பதில் இன்னும் சண்டை உண்டு. இழைகளைப் போர்த்தும் துணைக் கலங்களும் தட்டிலிருந்தே வருகின்றன என்று நெடுநாள் நம்பினார்கள். 2010இல் கோழியிலும் சுண்டெலியிலும் அவை நரம்பு முகட்டிலிருந்து, அதாவது முளையத்தில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் இடத்தின் விளிம்பிலிருந்து, வருவது தெரிந்தது. மண நரம்புகளிலேயே ஒரு பகுதி முகட்டுச் சொத்து என்று செப்ரா மீனை வைத்துச் சிலர் சொன்னார்கள். 2018இல் உயிருள்ள மீன் முளையத்தில் கலம் கலமாகப் பின்தொடர்ந்தவர்கள், அவை தட்டிலிருந்தே வருகின்றன என்றார்கள். நேரில் பார்த்தவர்கள் பக்கம்தான் நான்.

மஸ்கெலியாக்காரி:
நன்றி டீச்சர். ஊசி தொடங்கிக் குரல் உடைந்துவிட்டது, இப்போது போனில் அப்பா என்று நினைத்துப் பேசுகிறார்கள்! வாசம் மட்டும் வராது என்றுவிட்டார்கள். கேஸ் கசிந்தால் என்ன செய்வான் என்பதுதான் அம்மாவின் பயம். இது பரம்பரையா?

உயிரியல் டீச்சர், ஹட்டன்:
பல மரபணுக்கள் காரணமாகலாம். 1991இல் முதலில் கண்டுபிடித்தது எக்ஸ் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ளது. அது தாய் வழியாக மகனுக்கு வரும். பிந்தி வளர்ந்த மாமாவுக்குக் கருவாட்டு வாசம் தெரியுமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.