மறு: மறு: பஃபருக்குத் தமிழ்ச்சொல் (அவசரம்)

ஈரோட்டிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குப் பேச்சறிதல் (பேச்சைக் கணினி எழுத்தாக்குவது) பயிலரங்கு. கையேடு நாளை மாலை அச்சகத்துக்குப் போகணும். ஒரே சொல்லில் நிற்கிறேன்: பஃபர்.

மைக்கிலிருந்து நொடிக்கு 16,000 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்). மாதிரிக்கு 2 பைட், ஆக நொடிக்கு 32,000 பைட். நிரல் 1,024 மாதிரிகளாக, 64 மில்லிநொடிக்கு ஒருமுறை அள்ளுகிறது. அள்ளும்வரை ஒலி காத்துக் கிடக்கும் இடம்தான் பஃபர். தாமதித்தால் வழிந்துவிடும். நேற்று ஒத்திகையில் பைஆடியோ (மைக்கைப் படிக்கும் பைத்தான் நிரலகம்) ‘இன்புட் ஓவர்ஃப்ளோடு, -9981’, அதாவது உள்ளே வந்தது வழிந்துவிட்டது, என்று நின்றது. பிழையைக் கண்டுகொள்ளாதபடி மாற்றி ஓட்டினால், நான் சொன்ன ‘வணக்கம்’ திரையில் ‘வக்கம்’ என்று வருகிறது. ‘ண’ எங்கே போச்சு என்று விளக்கவாவது ஒரு சொல் கொடுங்கள்.

மதுரையிலிருந்து:
இணைய அகராதிகளில் ‘இடையகம்’ இருக்கிறதே. எதற்குப் புதுச்சொல்?

சென்னையிலிருந்து:
ஐயா, இடையகம் நடுவில் இருப்பதைச் சொல்கிறது, பிடித்து வைப்பதைச் சொல்லவில்லை. பஃபர் சொல்யூஷனை நாம் பிளஸ் டூவில் ‘தாங்கல் கரைசல்’ என்று படித்தோம். அதையே எடுப்போமே: தாங்கல்.

மதுரையிலிருந்து:
அமிலம் விட்டாலும் காரம் விட்டாலும் அதிகம் அசையாமல் தாங்குவது அந்தத் தாங்கல். இங்கே யார் எதைத் தாங்குகிறார்கள்? மைக்கா?

சென்னையிலிருந்து:
சரி, வேதியியலை விடுங்கள். வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல். தாங்கல் என்றாலே சிற்றேரி. வருகிற தண்ணீரைப் பிடித்து வைத்து, வயலுக்கு வேண்டும்போது மதகு வழியே விடும். பஃபர் செய்வதும் அதுதான்.

திருச்சியிலிருந்து:
அப்படியானால் அறந்தாங்கியும் ஏரியா?

சென்னையிலிருந்து:
அது தாங்கி, தாங்கல் அல்ல. ஊர்ப்பெயரைத் தனிமடலில் வைத்துக்கொள்வோம், புண்ணியமாகப் போகும்.

மதுரையிலிருந்து:
ஏரி என்றால் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் முறையாகப் புணர்த்துங்கள். தோன்றல் + நல்லன் = தோன்றனல்லன். அதுபோல் தாங்கல் + நிரம்பல் = தாங்கனிரம்பல்.

ஈரோட்டிலிருந்து:
ஐயா, பிள்ளைகள் ‘தாங்கன்’ யாருன்னு கேட்பாங்க.

கிளிநொச்சியிலிருந்து:
நாங்கள் பாடநூலில் ‘தாங்கற்கரைசல்’ எண்டு புணர்த்தித்தான் படிச்சனாங்கள், ஒருத்தரும் பயப்படேல்லை. மற்றது, குளம் நிரம்பி வழிஞ்சால் எங்கட பக்கம் ‘வான் பாயுது’ எண்டு சொல்லுவம். ஓவர்ஃப்ளோவுக்கு ‘வான்பாய்தல்’ நல்லாயிருக்குமே?

திருநெல்வேலியிலிருந்து:
எங்க ஊர்ல அது மறுகால் பாயும்.

சென்னையிலிருந்து:
இங்கே ஏரி ‘கோடி’ போகும். ஆனால் கையேட்டில் ‘தாங்கல் கோடி போனது’ என்று போட்டால் பணம் போன மாதிரி இருக்கும்.

பெங்களூரிலிருந்து:
நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். என்ன பெயர் வைத்தாலும் அந்த ‘ண’ திரும்பாது. மைக்கைப் படிப்பதையும் பேச்சறிதலையும் ஒரே லூப்பில் போட்டிருப்பீர்கள். அது யோசித்து முடிப்பதற்குள் இங்கே நிரம்பிவிடுகிறது. மைக்கைப் படிப்பதைத் தனி இழையில் (த்ரெட்) ஓட்டி, வருவதை வரிசையில் போடுங்கள். பிறகு, ‘பஃபர்’ என்றே எழுதுங்கள். திரையில் பிழை வரும்போது பையன் தேடப்போவது அந்தச் சொல்லைத்தான்.

மதுரையிலிருந்து:
‘இழை’யை மட்டும் தமிழில் சொல்லத் தெரிகிறதே! ஆனால் ‘பஃபர்’ என்று ஆய்தத்தோடு பகரம் எழுதுவது...

ஈரோட்டிலிருந்து:
ஐயா, இந்த இழையில் அந்த இழை வேண்டாம். தனி இழையில் ஓட்டினேன், ‘வணக்கம்’ முழுசாக வந்தது. நன்றி. கையேடு அச்சகம் போய்விட்டது. தாங்கலுக்கு ஐந்து பேர், இடையகத்துக்கு ஒருவர், பஃபருக்கு ஒருவர். முதல் பக்கத்தில் மட்டும் ‘பஃபர் எனும் தாங்கல்’, பிறகு தாங்கல். ஓவர்ஃப்ளோவுக்கு ‘வழிதல்’ என்று போட்டுவிட்டேன். யாரும் கோபிக்க வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து:
வழிதல்னா எண்ணெய் வழியுததுல்லா. மறுகால்தான் சரி.

மதுரையிலிருந்து:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். இடையகம்.