இரும்புக்கு அடியில் ஐந்து பக்கங்கள்

என்னை உலுக்கிய ஒற்றை இதழ் எது என்று கேட்டால், 1966 பிப்ரவரி மாதமிட்டு வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' என்ற அமெரிக்கக் காமிக்ஸின் 33ஆம் இதழைத்தான் சொல்வேன். அதை நான் முதலில் படித்தது வண்ணத்தில் அல்ல. பழைய புத்தகக் கடை ஒன்றில், பழைய இதழ்களைச் சேர்த்து அச்சிட்ட 'எசென்ஷியல்' தொகுப்பின், முதுகு விட்டுப்போன இரண்டாம் பாகம் கிடைத்தது. மலிவுத் தாள், கறுப்பு வெள்ளை அச்சு. அதுவரை ஸ்பைடர் என்றால் எனக்கு லயன் காமிக்ஸில் வந்த, குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாகத் துடித்த அந்தப் பிரிட்டிஷ் ஸ்பைடர்தான். அந்தத் திமிரை எதிர்பார்த்துப் பக்கத்தைத் திருப்பிய எனக்கு, கடன்காரனைப் போல் ஓடிக்கொண்டிருக்கும் பீட்டர் என்ற ஒரு கல்லூரி மாணவன் ஸ்பைடர்மேனாகக் கிடைத்தான்.

கதை 31ஆம் இதழிலேயே தொடங்கிவிடுகிறது. பீட்டர் முன்பு கொடுத்த இரத்தத்தில் இருந்த கதிரியக்கமே அவனை வளர்த்த மே பெரியம்மாவை மரணப் படுக்கையில் தள்ளியிருக்கிறது. (எல்லோரும் ஆன்ட்டி என்கிறார்கள், அப்பாவின் அண்ணன் மனைவி நம் முறையில் பெரியம்மா அல்லவா?) அவளைக் காப்பாற்றக்கூடிய ஐஎஸ்ஓ-36 என்ற மருந்தை வரவழைப்பதற்காக அவன் தன் ஆய்வுக் கருவிகளையே விற்றுவிடுகிறான். வந்த மருந்தை வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் ஆட்கள் திருடிவிடுகிறார்கள். தண்ணீருக்கடியில் உள்ள அவர்களது மறைவிடத்தில் நடந்த சண்டையில் ஒரு பெரிய இயந்திரம் பீட்டர் மேல் சரிந்துவிட, 33ஆம் இதழ் அங்கிருந்து தொடங்குகிறது. மருந்துக் குப்பி எதிரிலேயே கிடக்கிறது, ஆனால் கைக்கு எட்டவில்லை. மேற்கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது.

கதையை அமைத்துப் படமும் வரைந்த ஸ்டீவ் டிட்கோ, அவன் அந்த இரும்பைத் தூக்கி எழுவதற்கு மட்டும் முதல் ஐந்து பக்கங்களைக் கொடுத்திருக்கிறார். இருபதே பக்கக் கதையில் கால் பங்கை, ஒருவன் ஒரு பாரத்தைத் தூக்குவதற்காகவே ஒதுக்குவது அந்தக் காலத்து மாத இதழில் எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை நான் பிற்பாடுதான் உணர்ந்தேன். தொடக்கத்தில் கட்டங்கள் சிறியவையாக, அவனையும் இரும்பையும் சேர்த்து நெருக்குகின்றன. முயல்கிறான், முடியவில்லை, தலை தொங்கிவிடுகிறது. பென் பெரியப்பாவைக் காப்பாற்றத் தவறிய நினைவு வந்த பிறகு முதுகு மெல்ல நிமிர்கிறது, கட்டங்களும் அதற்கேற்ப விரிகின்றன. ஐந்தாம் பக்கத்தில் கட்டமே இல்லை. பக்கம் முழுவதும் ஒரே படமாக அவன் இயந்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கி எறிகிறான். வண்ணப் பதிப்பை வாங்கிய பின்பும் நான் அந்தக் கறுப்பு வெள்ளைப் பிரதியையே எடுத்துப் பார்க்கிறேன், ஏனெனில் ஒழுகும் நீருக்கு டிட்கோ இழுத்திருக்கும் மைக்கோடுகள் அதில்தான் தெளிவாகத் தெரிகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்பு, 2017இல் வந்த 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' படத்தைப் பார்த்திருந்த என் அக்கா மகனிடம், இடிபாடுகளுக்கு அடியில் பீட்டர் சிக்கும் காட்சிக்கு மூலம் இதுதான் என்று பெருமையோடு தொகுப்பை நீட்டினேன். ஐந்து பக்கங்களையும் படித்துவிட்டு நிமிர்ந்தவன், "மாமா, மெஷின் கீழ மாட்டுனவன் ஏன் இவ்வளவு பேசுறான்? மூச்சு எப்படி விடுவான்?" என்று கேட்டான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அன்றிரவு பழைய நாட்காட்டித் தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, வசன பலூன்களை எல்லாம் மறைத்துவிட்டு அந்தப் பக்கங்களைப் பார்த்தேன். பையன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. டிட்கோ வரைந்து முடித்த பக்கங்களுக்குப் பிறகுதான் இதழின் எழுத்தாளர் ஸ்டான் லீ வசனம் எழுதினார் என்பதால், விரல்கள் தரையைப் பற்றுவதும் தோள் நடுங்குவதும் படத்தில் இருக்கும்போதே, அதையே வார்த்தைகளிலும் இன்னொரு முறை சொல்லிவிடுகிறார். ஆனால் எல்லாத் துண்டுகளும் அப்படியல்ல. பெரியப்பாவைப் பற்றிய வரிகளை மறைத்தபோது காட்சி வெறும் பளு தூக்கலாகிவிட்டது. அந்தத் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

இந்த இதழைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிந்தைய பதினைந்து பக்கங்கள்தான் அதிகம் பிடிக்கும். எழுந்தவுடன் அவனுக்கு வெற்றி கிடைத்துவிடுவதில்லை. வெள்ளம் உள்ளே புகுகிறது, கால் அடிபட்டிருக்கிறது, ஆக்டோபஸின் ஆட்களிடம் பாதி மயக்கத்தில், பழக்கத்தின் வேகத்திலேயே சண்டையிடுகிறான். பிறகு மருந்தை எடுத்துக்கொண்டு அவனுக்கு உதவும் விஞ்ஞானி டாக்டர் கானர்ஸின் ஆய்வகத்துக்குப் போய், அது வேலை செய்யுமா என்று சோதித்த பிறகே அதை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். முடிவு தெரியும்வரை சும்மா உட்காரவும் வழியில்லை. எடுத்த புகைப்படங்களைப் பத்திரிகை முதலாளி ஜேம்சனிடம் விற்றாக வேண்டும். அந்த அலுவலகத்தில் அவன் முகத்துக் காயங்களைக் கண்டு அங்கே வேலை பார்க்கும் அவன் காதலி பெட்டி பிராண்ட் பதறும்போது, அவளிடம் உண்மையைச் சொல்ல முடியாமல் அவன் நிற்கும் கட்டம் எனக்கு அந்த இயந்திரத்தைவிடக் கனமாகத் தெரிந்தது.

குறை என்றால் வில்லன்தான். முதலில் முகம் காட்டாத சதிகாரன் என்று ஆக்டோபஸை வளர்த்துவிட்டு, இறுதிப் பகுதியில் அவன் தப்பிப் போனதாக விட்டுவிடுகிறார்கள். 31, 32ஆம் இதழ்களைத் தொடர்ந்து படித்து வந்தவர்களுக்கு இது நிச்சயம் உறுத்தியிருக்கும். நான் 33ஐ முதலில் படித்துவிட்டுப் பின்னோக்கிப் போனவன் என்பதால், இரண்டாம் வாசிப்பில்தான் அது என் கண்ணில் பட்டது. அதற்குள் எனக்கு ஆக்டோபஸ் எங்கே போனான் என்பதில் அக்கறை போய்விட்டிருந்தது. பெரியம்மா கண் விழிப்பாளா என்பதைத்தான் மறுபடியும் பதற்றத்தோடு படித்துக்கொண்டிருந்தேன்.