புதுப்பிப்பு: விஎம்களின் ஐபி மாறிக்கொண்டே இருந்த சிக்கல்

குன்னூரில் மழைக்குக் கரண்ட் போய் வரும்போதெல்லாம் என் லினக்ஸ் பெட்டியிலுள்ள மூன்று உபுண்டு விஎம்களும் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்) வேறு வேறு ஐபியோடு (நெட்வொர்க் முகவரியோடு) எழுந்து நிற்கின்றன என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? ஒவ்வொரு விஎம்மின் மேக் முகவரிக்கும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரு ஐபியைக் கட்டிப்போடச் சொன்னீர்கள். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் டீஃபால்ட் நெட்வொர்க் 192.168.122.0/24. அதன் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில் மூன்றுக்கும் ஒவ்வொரு வரி சேர்த்து, நெட்வொர்க்கை நிறுத்தித் துவக்கினேன். ஒன்று அடங்கியது. மற்ற இரண்டும் ஒரே முகவரிக்கு அடித்துக்கொண்டன!

இரண்டு ராத்திரி போனபிறகுதான் உறைத்தது. மூன்றுமே ஒரே விஎம்மின் குளோன்கள் (அச்சு நகல்கள்). மேக் வேறாக இருந்தாலும் கணினியின் தனி அடையாளத்தை வைத்திருக்கும் மெஷின்-ஐடி கோப்பு ஒன்றேதான். உபுண்டு சர்வர் டிஎச்சிபி (தானாக ஐபி வழங்கும் முறை) வழியே ஐபி கேட்கும்போது மேக்கைக் காட்டாமல், அந்த ஐடியிலிருந்து பிறந்த அடையாளத்தைத்தான் நீட்டுகிறது. லிப்விர்ட்டுக்காக ஐபி வழங்கும் டிஎன்எஸ்மாஸ்க் பாவம், இரண்டையும் ஒரே ஆள் என்று நினைத்துவிட்டது.

குளோன்களில் அந்தக் கோப்பைக் காலி செய்து ரீபூட் செய்தேன். புது ஐடி தானே உருவானது. உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானில் டிஎச்சிபி அடையாளமாக மேக்கையே வைக்கும் வழியும் உண்டு, ஆனால் நோய் மூலத்தில் இருக்க மேலே மருந்து தடவுவானேன்?

நேற்று மட்டும் நான்கு முறை கரண்ட் போனது. மூன்றும் அசையவில்லை. யூபிஎஸ் வாங்கச் சொன்னவர்களுக்கு: சம்பளம் வரட்டும்.