காருக்கு ஹெல்மெட் செலான்: கட்டிவிடலாமா, கோர்ட்டில் எதிர்க்கலாமா?

நாலாம்_கியர் கேட்டது:

தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட கார். ஹெல்மெட் போடவில்லை என்று மோட்டார் வாகனச் சட்டம் 194டி பிரிவில் 1,000 ரூபாய்க்கு இ-செலான் வந்திருக்கிறது. செலானில் உள்ள படத்தில் இருப்பது பைக். ராத்திரி எடுத்த படம், நம்பர் பிளேட்டின் கடைசி எண் 3-ஆ 8-ஆ என்று பிடிபடவில்லை. சம்பவ தேதிக்கு 23 நாள் கழித்துத்தான் எஸ்.எம்.எஸ். வந்தது.

ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டு வேலையைப் பார் என்கிறார்கள். கட்டினால் பின்னால் ஏதாவது வருமா? எதிர்ப்பதென்றால் முதலில் எங்கே போக வேண்டும்? கோர்ட் வரை போனால் வக்கீல் கட்டாயமா?

ஆர்சி_புத்தகம்:

கட்டாதீங்க. கட்டிய பிறகு "அது என் வண்டியே இல்லை" என்று சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு.

செலானுக்குக் கட்டுவது தண்டனை அபராதம் இல்லை, பிரிவு 200-ன்படி கட்டும் சமரசத் தொகை, அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் குற்றத்தை முடித்துக்கொள்ளக் கட்டுவது. கட்டினால் வழக்கு அதோடு நிற்கும், அது உண்மை. ஆனால் 2019 திருத்தத்தில் அந்தப் பிரிவுக்கு வால் முளைத்திருக்கிறது. சமரசமாகக் கட்டி முடித்த குற்றமும் அடுத்த தடவை மாட்டும்போது "முந்தைய குற்றம்" என்றே எண்ணப்படும். பிரிவு 177-ல் முதல் தடவை 500, அடுத்த தடவை 1,500 என்று இருக்கிறதே, அந்த மாதிரி இடங்களில் இது வந்து கடிக்கும். அதோடு, பணம் கட்டினாலும் 206(4)-ன்படி லைசென்ஸ் மீது எடுக்கும் நடவடிக்கை ரத்தாகாது. 194டி-யை முழுசாகப் படித்தால் 1,000 ரூபாயோடு மூன்று மாத லைசென்ஸ் தகுதி நீக்கமும் இருக்கும். ஓட்டாத பைக்குக்காக இதையெல்லாம் ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

உங்கள் விஷயம் கோர்ட் வரை போகவே தேவையில்லை. வண்டியே மாறியிருக்கிறது என்றால் செலான் போட்ட போக்குவரத்துப் போலீஸ் பிரிவிலேயே ரத்து செய்ய முடியும். எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த லிங்க்கைத் தொடாமல், பரிவாஹன் (அரசின் போக்குவரத்துத் தளம்) இ-செலான் பக்கத்தை நீங்களே திறந்து, செலான் எண் கொடுத்துப் படத்தை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு நிதானமாகப் பெரிதாக்கிப் பாருங்கள். 3-க்கு இடது பக்கம் ஒரு ஸ்க்ரூ தலையோ சேற்றுப் பொட்டோ இருந்தால் 8 ஆகிவிடும். 0-வுக்கு நடுவில் ஸ்க்ரூ விழுந்தாலும் அதே கதைதான். உங்கள் காரில் உயர் பாதுகாப்பு பிளேட் இருந்தால் இடது மேல் மூலையில் ஹாலோகிராம், அதன் கீழே நீல நிறத்தில் ஐ.என்.டி. எழுத்து இருக்கும். படத்தில் இருப்பது ஸ்டிக்கர் ஒட்டிய பிளேட் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மனு. ஒரே பக்கம் போதும். செலான் எண், தேதி, இடம், "எனது வாகனம் ஆர்.சி.யின்படி நான்கு சக்கர வாகனம், படத்தில் உள்ளது இரு சக்கர வாகனம், எனவே செலானை ரத்து செய்யக் கோருகிறேன்". இதற்கு மேல் எழுதினால் படிக்கிறவர் கண் முக்கியமான வரிக்குப் போகாது. ஆர்.சி. நகல், காரின் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டுப் படங்கள், செலான் பிரிண்ட், பிளேட்டை மட்டும் பெரிதாக்கி வெட்டிய படம் ஆகியவற்றை இணையுங்கள். இ-செலான் தளத்தின் புகார் பகுதியில் பதிவேற்றி, வரும் டிக்கெட் எண்ணைக் குறித்து வையுங்கள். அதே மனுவை, செலானில் பெயர் இருக்கும் போக்குவரத்துப் பிரிவுக்கும் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் சீல் வாங்கிவிடுங்கள். வெளியூர் என்றால் ஸ்பீடு போஸ்ட். ஆன்லைன் புகார் மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் இழுக்கிறது.

இன்னொரு சாத்தியம்: பெரிதாக்கிப் பார்த்த பிறகும் எண் அச்சாக உங்களுடையதே என்றால், யாரோ உங்கள் எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அப்போது ரத்து மனு மட்டும் போதாது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்குங்கள். நாளைக்கு அந்த வண்டி யார் மீதாவது மோதினால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ரசீதின் தேதிதான்.

வாய்தா:

மேலே சொன்னது சரி. கோர்ட் பக்கத்தை நான் சொல்கிறேன், வண்டி மாறாத வழக்குகளுக்கும் சேர்த்து.

கட்டாமல் கிடக்கும் செலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்குப் போகும். அந்தத் தளத்தில் செலான் எண் அல்லது வண்டி எண் கொடுத்து ஓ.டி.பி. போட்டால் இரண்டு வழி தெரியும்: குறிப்பிட்ட அபராதத்தைக் கட்டுவது, வழக்கை எதிர்ப்பது. எதிர்க்கிறேன் என்று கொடுத்தால், சம்பவம் நடந்த எல்லைக்குரிய மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு வழக்கு மாறும். நீங்கள் குடியிருக்கும் ஊர் கோர்ட்டுக்கு இல்லை. இதைக் கவனிக்காமல் பட்டனைத் தட்டிவிட்டு, 400 கிலோமீட்டர் தள்ளி வாய்தாவுக்கு ஓடுகிறவர்கள் உண்டு.

வக்கீல் கட்டாயமில்லை. பிரிவு 208-ன்படி சம்மனுக்கு நேரிலும் போகலாம், வக்கீல் மூலமும் ஆஜராகலாம். உங்கள் மாதிரி வழக்குக்கு வக்கீல் ஃபீஸ் ஆயிரத்தைத் தாண்டிவிடும், நேரில் போவதே நல்லது. 185 (குடித்துவிட்டு ஓட்டுதல்), 184 (ஆபத்தாக ஓட்டுதல்) என்றால் தனியாகப் போகாதீர்கள், அவற்றில் சிறைத் தண்டனையும் உண்டு.

கோர்ட்டில் பெட்டி கேஸ்களை (சில்லறை வழக்குகளை) வரிசையாகக் கூப்பிட்டு முடிப்பார்கள். உங்கள் முறைக்கு அரை நிமிஷம்கூட இருக்காது. கூண்டில் ஏறியதும் "ஒத்துக்கிறீங்களா?" என்ற கேள்வி வரும். அங்கேதான் பலர் கோட்டை விடுவது. "ஐயா, கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்று சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே பதிவாகும். அதன் பிறகு மேல்முறையீட்டிலும் தண்டனையின் அளவு, சட்டப்படி செல்லுமா என்பதை மட்டும்தான் பேச முடியும், குற்றம் நடந்ததா இல்லையா என்பதைப் பேச முடியாது. எதிர்க்க வந்தவர் சொல்ல வேண்டியது ஒரே வரி: "குற்றம் செய்யவில்லை, விசாரணை கோருகிறேன்." உடனே செலானோடு வந்த படம், கருவியின் பதிவு எல்லாவற்றின் நகலையும் கேட்டு மனு கொடுங்கள். அடுத்த வாய்தாவில் செலான் போட்ட அதிகாரி சாட்சி சொல்ல வேண்டும். நீங்கள் அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம்.

குறுக்கு விசாரணையில் சண்டை வேண்டாம். எங்கே நின்றீர்கள், எத்தனை அடி தூரம், வெளிச்சம் எப்படி, எண்ணை நீங்களே பார்த்தீர்களா, கருவி படித்ததா. இந்த நாலு கேள்வி போதும்.

வேக வழக்கில் இன்னொரு ஆயுதம் உண்டு. 183(3)-ன்படி, "வேகமாகப் போன மாதிரி இருந்தது" என்ற ஒரே ஒரு சாட்சியின் கருத்தை வைத்துத் தண்டிக்க முடியாது. கருவி கொண்டு அளந்த அளவை அந்தக் கருத்துக்கு ஆதாரமாகக் காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எதிர்ப்பதாகச் சொல்லிவிட்டு வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் அடுத்தது வாரன்ட். கட்டுவதும் எதிர்ப்பதும் உங்கள் இஷ்டம், கண்டுகொள்ளாமல் விடுவது மட்டும் ஆகாது.

நாலாம்_கியர்:

நன்றி. கேமரா செலான் 15 நாளைக்குள் வராவிட்டால் செல்லாது என்று படித்தேன். எனக்கு 23-ஆம் நாள்தான் வந்தது. அதையே முதல் வாதமாக வைக்கலாமா?

ஸ்டாப்_லைன்:

வைக்கலாம், ஆனால் முதல் வாதமாக வேண்டாம்.

நீங்கள் படித்தது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்த்த விதி 167ஏ. சம்பவம் நடந்து 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், செலான் முடியும்வரை மின்னணுப் பதிவைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்வது உண்மை. தவறினால் செலான் தானாகவே ரத்து என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால் மாஜிஸ்ட்ரேட் அதை ஒரு சின்னக் குறையாக மட்டும் எடுத்துக்கொண்டு வழக்கை மேலே நடத்தவும் கூடும். அதோடு, சட்டம் பேசுவது அனுப்பிய தேதியை. 10-ஆம் நாள் அனுப்பியதாக அவர்கள் பதிவு காட்டினால் உங்கள் வாதம் அங்கேயே படுத்துவிடும். "படத்தில் பைக், ஆர்.சி.யில் கார்" என்பதை முன்னால் வைத்துவிட்டு இதைப் பின்பாட்டாகச் சொல்லுங்கள்.

அதே 167ஏ-வில் இதைவிடப் பயனுள்ள விஷயம் இருக்கிறது. கேமரா செலானோடு வர வேண்டியவை: குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு, மின்னணு ஆதாரச் சான்றிதழ். கருவிக்கு வருஷா வருஷம் புதுப்பித்த ஒப்புதல் சான்றும் இருக்க வேண்டும். உங்கள் செலானில் கடைசி எண்ணே தெரியவில்லை என்கிறீர்கள். "தெளிவாக" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், 23 நாளைவிட அது கனமானது.

சிக்னல் செலான் என்றால் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். ஒரே படத்தில் சிவப்பு விளக்கும், கோடும், முன் சக்கரமும் சேர்ந்து தெரிகிறதா என்று பாருங்கள். கோட்டைத் தாண்டி வண்டி நிற்கும் ஒரு படம் மட்டும் இருந்தால், விளக்கு மஞ்சளாக இருந்தபோது தாண்டியதா, சிவப்பில் தாண்டியதா என்பது அதில் தெரியாது. அடுத்தடுத்த இரண்டு படமோ வீடியோவோ கேளுங்கள்.

வண்டி அந்த நேரத்தில் வேறு ஊரில் இருந்தது என்று காட்ட ஃபாஸ்டாக் கணக்கு நல்ல ஆதாரம். ஆனால் அதுவும் மின்னணு ஆவணம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழ், அதாவது மின்னணு ஆதாரச் சான்றிதழ், உங்கள் பிரிண்ட்டுக்கும் வேண்டும். போலீஸிடம் சான்றிதழ் எங்கே என்று கேட்டுவிட்டு நாம் வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டக் கூடாது. ஒர்க்ஷாப் ஜாப் கார்டு, பார்க்கிங் ரசீது மாதிரி சீல் போட்ட காகிதம் கிடைத்தால் வேலை சுலபம்.

வாய்தா:

15 நாளைவிட வலுவான கால வாதம் ஒன்று உண்டு, பழைய செலான் வைத்திருப்பவர்களுக்கு. அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்துக்கு, சம்பவத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்கு கோர்ட்டுக்கு வந்திருக்க வேண்டும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டம் 514). ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு. கணக்கு முடிவது கோர்ட்டில் தாக்கல் செய்த தேதியில், உங்களுக்கு சம்மன் வந்த தேதியில் இல்லை. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. அதனால் தாக்கல் தேதியைப் பார்க்காமல் "ஆறு மாசம் ஆச்சு, செலான் செத்துப்போச்சு" என்று இருந்துவிடாதீர்கள்.

பழைய வண்டியை விற்றவர்களுக்கு: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் செலான் தட்டும். விற்ற ரசீதைக் காட்டி மனு கொடுக்கலாம், ஆனால் பிரிவு 50-ன்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அந்தப் படிவம் 29-ன் நகல் கையில் இருந்தால் பேச்சே வேறு.

ஆர்சி_புத்தகம்:

எஸ்.எம்.எஸ். பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் "செலான்" என்ற பெயரில் ஆப் ஃபைல் வந்தால் அது திருட்டு, நிறுவிய அடுத்த நிமிஷம் ஓ.டி.பி.யெல்லாம் அவன் கைக்குப் போகும். உண்மையான தளங்களின் முகவரி gov.in என்றுதான் முடியும்.

ரத்து உத்தரவு வந்ததும் வேலை முடிந்தது என்று விடாதீர்கள். இ-செலான் தளத்திலும் விர்ச்சுவல் கோர்ட்டிலும் இரண்டிலும் நிலையைப் பாருங்கள். ஒன்றில் முடிந்து இன்னொன்றில் "நிலுவை" என்றே கிடப்பது சகஜம். வாகன் (அரசின் வண்டிப் பதிவுத் தளம்) பதிவில் அதற்காகத் தடை விழுந்திருந்தால் பெயர் மாற்றம், என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), எஃப்.சி. (தகுதிச் சான்று) எல்லாம் நிற்கும். ரத்து உத்தரவின் நகலோடு போய் அந்தத் தடையையும் எடுக்கச் சொல்லுங்கள்.