வாணியுடன் ஈப்போ வரை

குழு: ஈசூன் – தெம்பனிஸ் குடும்பம்

— வெள்ளிக்கிழமை, காலை 6.10 —

அத்தை: கிளம்பிவிட்டோம். என் தோழி வாணி ஓட்டுகிறாள். சிங்கப்பூர் எல்லையில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியை நெருங்குகிறோம். வரிசை பரவாயில்லை.

அப்பா: நல்லபடியாகப் போய் வாருங்கள் அக்கா. மலேசிய நுழைவு அனுமதி வில்லை காரில் ஒட்டியிருக்கிறதா? 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து கட்டாயம். இல்லையென்றால் 300 ரிங்கிட் தண்டம்.

அத்தை: ஒட்டியிருக்கிறாள். டோல் அட்டை, கியூஆர் குறியீடு, தலைவலித் தைலம், முறுக்கு எல்லாம் தயார்.

சித்தப்பா: பெட்ரோல்?

அத்தை: இருக்கிறது.

சித்தப்பா: எவ்வளவு?

அத்தை: “போதும்” என்கிறாள் வாணி.

சித்தப்பா: அக்கா, “போதும்” என்று சொன்னால் அதிகாரி கேட்கமாட்டார். சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்ட முக்கால் தொட்டி வேண்டும்.

— காலை 6.42 —

அத்தை: திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான்: ஐயோ அத்தை!

அத்தை: அதிகாரி குனிந்து ஊசியைப் பார்த்தார். முக்காலுக்கு ஒரு நூல் கீழே நின்றது. அதற்கு வாணி, “நீங்கள் ஜன்னல் பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்க்கிறீர்கள், என் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள், முக்கால்தான்” என்றாள். அவர் உட்காரவில்லை. உடனே எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள், ஊசிக்கு மனம் மாறும் என்று. அது இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அம்மா: அண்ணி, எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. தண்டம் போட்டார்களா?

அத்தை: இல்லை. மரியாதையாகத் திரும்பிப் போகச் சொன்னார். இப்போது ஈசூன் பக்கம் பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறோம். வீட்டை விட்டுக் கிளம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தாயிற்று.

சித்தப்பா: 500 வெள்ளி வரை தண்டம் போடலாம், தப்பித்தீர்கள். 1989-ல் அரைத் தொட்டி என்று தொடங்கினார்கள், 1991-ல் முக்கால் ஆக்கினார்கள். எல்லோரும் ஜொகூரில் மலிவாக நிரப்பிக்கொண்டு வந்தால் இங்கே பெட்ரோல் வரி என்ன ஆவது?

அத்தை: இதையெல்லாம் வாணியிடம் படித்துக் காட்டினேன். “உன் தம்பி எந்தக் கட்சி?” என்று கேட்கிறாள்.

மாமா: எண்ணெய் எங்கே இருக்கிறது?

அத்தை: நிரப்பிவிட்டோம், கவலை வேண்டாம்.

மாமா: தோசைக்கு எண்ணெய்.

— வெள்ளிக்கிழமை, காலை 10.25 —

அத்தை: மாச்சாப் ஓய்விடத்தில் தே தாரிக் குடிக்கிறோம். ஒரு செய்தி. வாணிக்கு வழி தெரியும் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன் அல்லவா? அவளுக்குத் தெரிந்தது வழி இல்லை, கடை. கைத்தொலைபேசி “நேராகச் செல்லவும்” என்கிறது. இவள், “நேராகப் போனால் அந்த மீன்தலைக் கறிக்கடை போய்விடும், இடது பக்கம் வெட்டு” என்கிறாள். யார் ஓட்டுவது என்பதே மறந்துவிட்டது அவளுக்கு.

அப்பா: வெட்டினீர்களா?

அத்தை: வெட்டினாள். கடை இல்லை. டயர் கடை இருக்கிறது. அங்கிருந்த சீனப் பெரியவரிடம் கேட்டோம். மீன்தலைக்காரர் பிள்ளைகளோடு போய்விட்டாராம், அதற்கே பல வருடம் ஆகிவிட்டதாம். “அப்படியானால் சாலையை மாற்றியிருக்க வேண்டும்” என்று வாணி அவரிடம் கோபித்துக்கொண்டாள்.

நான்: அத்தை, நெடுஞ்சாலையை விட்டு இறங்காதீர்கள். 110-க்கு மேலும் போகாதீர்கள்.

அத்தை: சிங்கப்பூரில் 90 ஓட்டிப் பழகிய கால் அது. 110 என்று பலகையைப் பார்த்ததும், கல்யாணப் பந்தியில் இரண்டாவது பாயசம் கேட்கிற மாதிரி கூச்சத்தோடு மிதிக்கிறாள்.

— வெள்ளிக்கிழமை, மாலை 4.50 —

அத்தை: ஈப்போ தெற்கு டோல் சாவடியில் மாட்டிக்கொண்டோம். பின்னால் லாரி வரிசை.

அப்பா: என்ன ஆயிற்று?

அத்தை: பிறகு எழுதுகிறேன். ஹாரன் அடிக்கிறார்கள்.

மாமா: கார் நன்றாக இருக்கிறதா? பதில் போடு.

மாமா: பருப்பு எந்த டப்பா? இதற்காவது பதில் போடு.

— வெள்ளிக்கிழமை, மாலை 5.40 —

அத்தை: இப்போது கேளுங்கள். ஜொகூரில் நுழையும்போது எந்த அட்டையைத் தொட்டோமோ அதையேதான் இறங்கும்போதும் தொட வேண்டும். வாணி தன் அட்டையைத் தொட்டு நுழைந்தாள். அதை மடியில் வைத்தாள். மடி குலுங்கியதில் அது இருக்கைக்கு அடியில் போய்விட்டது. என் அட்டையை நீட்டினேன். தடுப்புக் கம்பி அசையவில்லை. காசாகக் கட்டலாம் என்றால் அங்கே காசு வாங்குவதில்லை.

வாணி கதவைத் திறந்துகொண்டு இறங்கி, தலையை இருக்கைக்குள் விட்டு, மீதி உடம்பை வெளியே நிறுத்தினாள். பின்னால் நின்ற லாரிகளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மாம்பழ நிறச் சுடிதார்தான். உள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பொருள் வருகிறது. காலாவதியான பார்க்கிங் கூப்பன். பாதி முறுக்கு. ஒற்றைக் கம்மல். கம்மலைக் கண்டதும் வேலையை விட்டுவிட்டாள். “இதைத்தான் தீபாவளியிலிருந்து தேடுகிறேன், வேலைக்கு வருகிற பெண்ணைச் சந்தேகப்பட்டேனே” என்று அங்கேயே நின்று கண்கலங்கினாள்.

அம்மா: தடுப்புக் கம்பியின் முன்னாலா?

அத்தை: அங்கேயேதான். லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார், சுங்கை சிப்புட் தமிழர். “அக்கா, கொஞ்சம் தள்ளுங்கள், எனக்குக் கை நீளம்” என்று கையை விட்டு ஒரே இழுப்பில் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார். வாணி அவருக்கு நன்றி சொல்லி முறுக்கு கொடுத்தாள். நல்ல முறுக்கு, டப்பாவிலிருந்து எடுத்தது.

அத்தை: பருப்பு நீல மூடி டப்பா. அதைத் தேடும்போது வேறு எதையும் கலைக்க வேண்டாம்.

மாமா: வெளியே சாப்பிட்டுவிட்டேன்.

— சனிக்கிழமை, நண்பகல் 12.30 —

அத்தை: [படம்] [படம்]

அத்தை: பத்து காஜாவில் இருக்கிறோம். கெல்லி கோட்டை.

மாமா: ஆகா! வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர், ரப்பர் தோட்டத் துரை. 1915-ல் இந்த மாளிகையை ஆரம்பித்தார். 1926-ல் லிஸ்பன் நகரில் இறந்துபோனார். கட்டடம் அப்படியே அரைகுறையாக நின்றுவிட்டது.

அத்தை: பருப்பு டப்பா தெரியவில்லை, லிஸ்பன் தெரிகிறது.

நான்: உள்ளே எப்படி இருக்கிறது அத்தை?

அத்தை: செங்கல் சுவர், வளைவு வளைவாக ஜன்னல், வௌவால் வாசனை. கோபுரத்தில் லிப்டுக்கு என்று ஒரு குழி விட்டிருக்கிறார்கள். வந்திருந்தால் மலாயாவின் முதல் லிப்ட் அதுவாக இருந்திருக்குமாம். துரை போய்ச் சேர்ந்ததால் லிப்ட் வரவேயில்லை. வாணிக்கு முழங்கால் வலி. அந்தக் குழியின் முன்னால் நின்று, “நம் புளோக்கில்கூட முதலில் எல்லா மாடியிலும் லிப்ட் நிற்காது, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தார் பிற்பாடு மாற்றித் தந்தார்கள், இவர்களும் ஏதாவது பார்க்கலாம்” என்றாள். கூட வந்த வழிகாட்டிப் பையனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அப்பா: அங்கே பேய் உண்டு என்பார்களே?

அத்தை: படிக்கட்டில் ஒரு கூட்டம் பேயைப் படம் பிடிக்கக் காத்திருந்தது. வாணி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறி வந்ததைப் பார்த்து ஒரு பிள்ளை அலறிவிட்டது.

அம்மா: அண்ணி, பக்கத்தில் கோயிலுக்குப் போனீர்களா? நம் ஆட்கள் கட்டிய மாளிகை அது. தமிழ்நாட்டிலிருந்து கூட்டிப் போனவர்கள். விஷக் காய்ச்சலில் எத்தனையோ பேர் செத்துப் போனார்கள் என்று என் பாட்டி சொல்வார்.

மாமா: முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் உலகமெங்கும் பரவிய அதே ஸ்பானியக் காய்ச்சல்தான். தொழிலாளர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், துரை கட்டிக் கொடுத்தார்.

அத்தை: அங்கிருந்துதான் எழுதுகிறேன். கோட்டையில் அத்தனை கூட்டம், இங்கே நாங்களும் ஒரு பூனையும்தான். கூரையை நிமிர்ந்து பாருங்கள் என்று குருக்கள் காட்டினார். சாமி சிலைகளுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக ஒருவர் நிற்கிறார். துரையேதான்! நன்றிக்காக நம் ஆட்கள் அவரையும் மேலே ஏற்றிவிட்டார்களாம்.

நான்: சாமிகளோடு சாமியாகவா?

அத்தை: ஆமாம். வாணிக்குக் குழப்பம். “எல்லாச் சாமியையும் கும்பிட்டுவிட்டு இவரை மட்டும் விட்டால் கோபித்துக்கொள்வாரா? கும்பிட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாளா?” கடைசியில் பள்ளிக்கூடத்தில் செய்கிற மாதிரி சல்யூட் வைத்தாள். குருக்களே சிரித்துவிட்டார்.

அம்மா: செத்தவர்கள் பெயர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா அண்ணி?

அத்தை: நான் பார்த்த வரை இல்லை.

அம்மா: துரைக்குச் சிலை.

அத்தை: நானும் அதைத்தான் நினைத்தேன். வாணி உண்டியலில் போட்டது ஐம்பது ரிங்கிட். அவள் கைக்கு அது பெரிய தொகை.

— ஞாயிற்றுக்கிழமை, காலை 9.20 —

அத்தை: அவசரம். காரில் சத்தம். [குரல் பதிவு, 0:14]

அத்தை: தம்புனில் பம்ப்ளிமாஸ் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். கோப்பேங் தாண்டிப் பழைய சாலையில் வருகிறோம், கம்பாரில் ஏதோ கடை என்று. வளைவு வந்தால் பின்னால் “டும்… டும்” என்கிறது. நேர்ச்சாலையில் இல்லை.

அப்பா: கேட்டேன். ஷாக் அப்சார்பர் போய்விட்டது. மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

சித்தப்பா: ஷாக் அப்சார்பர் இப்படிச் சத்தம் போடாது அண்ணா. வளைவில் மட்டும் வருகிறது என்றால் சக்கர பேரிங். உடனே நிறுத்த வேண்டும்.

அம்மா: அண்ணி, பின்னால் என்ன வைத்திருக்கிறீர்கள்?

மாமா: இரண்டும் இல்லை. எக்சாஸ்ட் குழாயின் பிடி கழன்றிருக்கிறது. என் பழைய காரில் இதே சத்தம்தான் வந்தது.

அப்பா: அத்தான், உங்கள் பழைய காரில் வராத சத்தம் எது?

சித்தப்பா: இன்னொரு பதிவு அனுப்புங்கள். இந்த முறை இடது வளைவில்.

அத்தை: [குரல் பதிவு, 0:22]

சித்தப்பா: பேரிங்தான். இடது பின்சக்கரம்.

அப்பா: நடுவில் வாணி அக்கா ஏதோ சொல்கிறார், அதனால் சரியாகக் கேட்கவில்லை.

அத்தை: “கந்தா காப்பாற்று” என்கிறாள்.

அம்மா: காரின் பின்பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

மாமா: வண்டியை இழுத்துக்கொண்டு எல்லை வரை வருவதற்கு எவ்வளவு கேட்பான் தெரியுமா? காப்பீட்டுத் தாளை எடுத்து வையுங்கள்.

— ஞாயிற்றுக்கிழமை, காலை 10.15 —

அத்தை: கம்பாரில் ஒரு பட்டறை. சீனப் பையன், வயது இருபது இருக்கலாம். தமிழ் புரிகிறது அவனுக்கு! வாணி எல்லாவற்றையும் சொன்னாள்: ஷாக் அப்சார்பர், பேரிங், எக்சாஸ்ட். மூன்று டாக்டர்கள் பார்த்த நோயாளி மாதிரி வண்டியைச் சுற்றி வந்தான். பிறகு தானே ஓட்டிக்கொண்டு முனை வரை போனான். போகும்போது “டும்”, வரும்போது “டும் டும்”. இறங்கினான். கீழே குனியவில்லை, எஞ்சின் மூடியைத் தொடவில்லை. பின்பெட்டியைத் திறந்தான்.

அப்பா: ?

அத்தை: [படம்]

அத்தை: கடைக்காரர் வலையில் கட்டிக் கொடுத்த பம்ப்ளிமாஸ். வாணியின் குடைக்கம்பி வலையைக் கிழித்துவிட்டது. தலை தலையாகப் பழம். வளைவு வந்ததும் எல்லாம் ஒன்றாக உருண்டுபோய் ஒரு பக்கம் முட்டியிருக்கின்றன.

சித்தப்பா: …

மாமா: எக்சாஸ்ட் பிடியையும் ஒருமுறை பார்க்கச் சொல்.

அம்மா: நான் ஒன்பதரைக்கே கேட்டேன்.

நான்: அம்மா இரண்டு முறை கேட்டார்கள். மேலே போய்ப் பாருங்கள், யாருமே பதில் போடவில்லை.

அப்பா: அந்தப் பதிவில் பேரிங் மாதிரிதான் இருந்தது.

அம்மா: நீங்கள் ஷாக் அப்சார்பர் என்றீர்கள்.

அத்தை: பையன் காசு வாங்கமாட்டேன் என்றான். வாணி விடவில்லை. ஒரு பழத்தைக் கையில் திணித்தாள். தட்டிப் பார்த்துவிட்டு, “இது இன்னும் ஒரு வாரம் வைத்துச் சாப்பிட வேண்டும்” என்றான். அவனுக்கு அதுவும் தெரிந்திருக்கிறது.

— ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.05 —

நான்: எங்கே இருக்கிறீர்கள் அத்தை?

அத்தை: கடற்பாலத்தில். இருக்கிறோம், அவ்வளவுதான். நகரவில்லை.

சித்தப்பா: ஞாயிறு இரவு, பள்ளி திறக்கிற சமயம். துவாஸ் இரண்டாம் பாலம் வழியாக வரச் சொன்னேன் அல்லவா? 1998-லேயே திறந்துவிட்டார்களே!

அத்தை: துவாஸ் பக்கம் வாணிக்குத் தெரிந்த கடை இல்லையாம்.

அத்தை: ஒரு கிலோமீட்டர்தான் பாலம். இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் மழைநீர் மாதிரி போய்க்கொண்டே இருக்கின்றன. வாணி செய்தித்தாளை மடியில் விரித்துப் பம்ப்ளிமாஸ் உரிக்கிறாள். தடித்த தோலை நகத்தால் கீறி, வெள்ளைச் சதையைப் பிய்த்து, சுளை உடையாமல் எடுக்கிறாள். இதில் மட்டும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்துக் காரில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஒரு சுளை போயிற்று. இப்போது அந்தக் காரிலிருந்து எங்களுக்குக் கேரிபாப் வருகிறது.

அம்மா: அழுகை?

அத்தை: நின்றுவிட்டது. குழந்தையின் அப்பா இன்னொரு சுளை கேட்கிறார்.

— ஞாயிற்றுக்கிழமை, இரவு 10.50 —

*அத்தை வாணியைக் குழுவில் சேர்த்தார்*

வாணி: எல்லோருக்கும் வணக்கம். இவள் எழுதியதையெல்லாம் கைத்தொலைபேசியில் காட்டினாள். மீன்தலைக் கறிக்கடை உண்மையிலேயே இருந்தது. அதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

அப்பா: வணக்கம் வாணி அக்கா. பத்திரமாக வந்து சேர்ந்ததே பெரிது.

வாணி: தம்பி, உங்கள் வீட்டுக்கு எத்தனை பம்ப்ளிமாஸ்?

அப்பா: ஒன்று போதும் அக்கா.

வாணி: ஒன்றெல்லாம் கணக்கில் வராது. வீட்டுக்கு நான்கு. பேரிங் என்று சொன்ன தம்பிக்கு ஐந்து.

சித்தப்பா: எனக்கு எதற்கு ஐந்து?

வாணி: காரின் பின்பெட்டியில் போட்டு ஓட்டிப் பாருங்கள்.