மலைப்பூண்டு இணைய விற்பனை: எட்டு மாதத்தில் மனம் தளர்ந்துவிட்டது, தொடரலாமா?

கேள்வி (பூம்பாறை)

வணக்கம். கொடைக்கானலில் எங்கள் அப்பா மலைப்பூண்டுக் கடை வைத்திருக்கிறார். 2024 மே 7 முதல் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வந்தபின், கடைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று தோன்றியதால், எங்கள் தோட்டத்துப் பூண்டை வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக விற்கத் தொடங்கினேன். முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. ஐப்பசி மழையில் சென்னைக்கு அனுப்பிய பதினொரு பார்சல்கள் ஆறு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தன. வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய படத்தில் பூண்டின் கழுத்தில் கருப்பாகப் பூஞ்சை படிந்திருந்தது. இரண்டு பற்களில் பச்சை முளை எட்டிப் பார்த்தது. பதினொரு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து காலையில் கைப்பேசியை எடுக்கவே அச்சமாக இருக்கிறது. "வடுகபட்டி பூண்டுச் சந்தையில் மூட்டையை இறக்கினால் வேலை முடிந்தது, உனக்கு எதற்கு இந்தப் பாடு?" என்கிறார் அப்பா. அவர் சொல்வதுதான் சரியோ?

பதில் 1 (கோத்தகிரி)

தங்கச்சி, நாங்கள் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பூண்டு அனுப்பும் குடும்பம். ஆறு ஆண்டுகளாக இணையத்திலும் விற்கிறேன். ஊக்கம் போய்விட்டது என்கிறீர்கள். எனக்கு அது ஈரம் காயாத பூண்டு செய்த வேலையாகவே தெரிகிறது. முதல் ஆண்டில் எனக்கும் இதே நடந்தது. ஆர்டர் காத்திருக்கிறதே என்ற அவசரத்தில், பறித்துப் பத்து நாள்கூட ஆகாத பூண்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி அனுப்பினேன். மலையின் குளிரில் கட்டிய உறை சமவெளி வெயிலில் இறங்கியதும் உள்ளே வியர்த்துவிடுகிறது. அந்த நீருக்குப் போக வழியில்லை.

இப்போது ஒவ்வொரு பூண்டின் கழுத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். மெத்தென்று இருந்தால் மறுபடியும் கட்டித் தொங்கவிடுவேன். தாள்போல் சலசலத்தால் மட்டும் வலைப்பையில் போட்டு, துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைப்பேன். கனமழை நாட்களில் ஆர்டர் எடுப்பதில்லை என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். அதனால் எவரும் கோபித்துக்கொண்டதில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களே, அந்தப் பதினொரு பேரும் உங்களை மறக்கமாட்டார்கள். பூண்டு காய்ந்தபின் முதலில் அவர்களுக்கே எழுதுங்கள்.

பதில் 2 (மன்னவனூர்)

உங்கள் அப்பாவை எதிர்த்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள் அம்மா. பூண்டு ஏறத்தாழ நான்கு மாதப் பயிர். கூலியும் விதைப்பூண்டும் மொத்தமாகக் கை கடிக்கும் நேரத்தில் சந்தைப் பணம்தான் குடும்பத்தைத் தாங்கும். விளைச்சலில் பெரும்பங்கை வடுகபட்டிக்கே அனுப்பிவிட்டு, புகைமூட்டத்தில் நன்றாகக் காய்ந்த சில கட்டுகளை மட்டும் இணையத்துக்கு ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் இதுதான் ஏற்பாடு. எட்டு மாதம் என்பது இரண்டு போகம்தானே! இரண்டு போகம் பார்த்துவிட்டு நிலத்தை விற்பவர் உண்டா?

இன்னொன்று: கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு (இந்த வட்டாரத்துக்கே உரிய விளைபொருள் என்ற அரசுப் பதிவு) கிடைத்தது. ஆனால் அந்தக் குறியீட்டைப் பெட்டியில் அச்சிட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக நீங்கள் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு இல்லாமல் அச்சிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர் (பூம்பாறை)

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை புகை அறையில் அப்பாவோடு உட்கார்ந்து, தொங்கும் கட்டுகளில் நாற்பதை அவிழ்த்து, கோத்தகிரி அண்ணன் சொன்னபடி கழுத்தை அழுத்திப் பார்த்தேன். பதிமூன்று இன்னும் மெத்தென்றுதான் இருந்தன. "இதையெல்லாம் நான் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்" என்று அப்பா சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மீதமுள்ள இருபத்தேழு கட்டுகளிலிருந்து அந்தப் பதினொரு பேருக்கும் அரைக் கிலோ வீதம் வரும் திங்கட்கிழமை அனுப்புகிறேன். வலைப்பைகளை அப்பாவே வத்தலக்குண்டிலிருந்து வாங்கி வருகிறாராம்.